வெள்ளை ஈ சுமப்பது வைரஸை, செடியை மஞ்சளாக்குவது வேறொன்று

கேள்வி இதுதான்: வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலுக்கு வைரஸ் மட்டும் காரணமில்லை, கூடவே சாட்டிலைட் டிஎன்ஏ என்று ஒன்று இருக்கிறது என்கிறார்களே, அது என்ன, வெள்ளை ஈ நோயைப் பரப்புவதில் அதற்கு ஏதாவது பங்கு உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. வெண்டை, பருத்தி, மிளகாய் போன்ற பல பயிர்களில் நாம் கண்ணால் பார்க்கிற நோயின் பெரும்பகுதி வைரஸ் செய்த வேலையே இல்லை, அதோடு சேர்ந்து வந்த ஒரு சின்ன டிஎன்ஏ வட்டம் செய்த வேலை. அந்த வட்டத்துக்குச் சொந்தமாக உறை கிடையாது, தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளத் தெரியாது, ஈயின் உடம்புக்குள் புகுந்து வெளியே வரவும் வழி கிடையாது. எல்லாவற்றுக்கும் வைரஸை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் அது கூட இல்லையென்றால் சில பயிர்களில் அந்த வைரஸை யாரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள். (மனிதன் உட்படப் பல உயிர்களின் குரோமோசோமில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளையும் சாட்டிலைட் டிஎன்ஏ என்பார்கள். அது வேறு சங்கதி, இங்கே அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முதலில் வைரஸைப் பார்த்துவிடுவோம். வெள்ளை ஈ பரப்பும் இந்தக் கூட்டத்துக்குப் பெகோமோவைரஸ் என்று பெயர். ஒற்றை இழை டிஎன்ஏ, வட்டமாக, சுமார் 2,700 எழுத்து நீளம் (டிஎன்ஏ சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஓர் எழுத்து). அதைச் சுற்றி இரண்டு உருண்டைகளை ஒட்டவைத்தது போல ஓர் இரட்டை உறை. சில வைரஸ்களுக்கு டிஎன்ஏ ஏ, டிஎன்ஏ பி என்று இரண்டு வட்டங்கள் இருக்கும். உளுந்து, பாசிப்பயறில் வரும் மஞ்சள் தேமல் அந்த வகை, அதற்குப் பெரும்பாலும் சாட்டிலைட் துணை தேவைப்படுவதில்லை. வெண்டைத் தேமலும் உளுந்துத் தேமலும் தூரத்தில் இருந்து பார்க்க ஒன்று போலவே மஞ்சளாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு. வெண்டை வைரஸுக்கு இருப்பது ஒரே வட்டம், அதோடு பாதி நீளத்தில், சுமார் 1,350 எழுத்தில், இந்தச் சாட்டிலைட். இதைப் பீட்டாசாட்டிலைட் என்கிறார்கள்.

இது தெரிய வந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. அஜெரேட்டம் என்று நீலப்பூ பூக்கும் ஒரு களை, ஆசியாவில் வரப்பு ஓரமெல்லாம் கிடக்கும், நரம்பு மட்டும் பளிச்சென்று மஞ்சளாகி நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். அந்தச் செடியில் இருந்து வைரஸைப் பிரித்து, நகலெடுத்து, மறுபடி ஆரோக்கியமான செடிக்குள் விட்டார்கள். வைரஸ் உள்ளே பரவியது, ஆனால் செடி மஞ்சளாகவில்லை. ஒரு நோய்க்கிருமியைப் பிரித்துத் திரும்பச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி, அந்த விதியே இங்கே இடித்தது. ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று தேடினார்கள். முதலில், 1999-இல், வேறொரு வட்டம் கிடைத்தது (இன்று அதன் பெயர் ஆல்ஃபாசாட்டிலைட், அதற்குப் பிறகு வருகிறேன்), அதைச் சேர்த்தும் மஞ்சள் வரவில்லை. 2000-இல் பீட்டா கிடைத்தது, வைரஸையும் பீட்டாவையும் சேர்த்துச் செலுத்தினார்கள், நரம்பு மஞ்சளானது. அதற்கும் முன்பே, 1997-இல், ஆஸ்திரேலியாவில் தக்காளி இலைச்சுருட்டை வைரஸோடு 682 எழுத்து நீளத்தில் ஒரு குட்டிச் சாட்டிலைட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அது நோயைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அதனால் அப்போது பெரிய பரபரப்பு எதுவும் இல்லை.

இதில் ஒரு கிளைக்கதை. 752-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேரரசி கோகென் எழுதிய ஒரு கவிதையில், கோடையிலேயே மஞ்சளாகிவிட்ட ஒரு செடியின் இலை வருகிறது. தாவர வைரஸ் நோயைப் பற்றி உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துக் குறிப்பு அதுதான் என்று கருதுகிறார்கள். அந்த மஞ்சளுக்கும் ஒரு பெகோமோவைரஸும் அதன் பீட்டாசாட்டிலைட்டும் சேர்ந்துதான் காரணம் என்று 2003-இல் காட்டினார்கள். ஆக இந்தக் கூட்டணி நேற்று முளைத்தது இல்லை.

சரி, வெண்டைக்கு வருவோம். வெண்டைத் தேமல் 1924-லேயே அன்றைய பம்பாய் மாகாணத்தில் பதிவானது, வெள்ளை ஈயால் பரவுகிறது என்பதும் பல காலமாகத் தெரியும். ஆனால் சாட்டிலைட்டின் பங்கு தெரிய 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதைச் செய்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே ஜாய்ஸ் ஜோஸ், ஆர். உஷா இருவரும் வைரஸின் ஒரே வட்டமான டிஎன்ஏ ஏ-வைத் தனியாகவும், சாட்டிலைட்டோடு சேர்த்தும் வெண்டைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். செலுத்துவதற்கு ஈ வேண்டியதில்லை, மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவில் அந்த டிஎன்ஏவை ஏற்றிவிட்டால் அது செடியின் செல்லுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். தனி வைரஸ் போன செடியில் இலை லேசாகச் சுருண்டது, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து போன செடியில் நமக்கெல்லாம் தெரிந்த அந்தத் தேமல் வந்தது. முதலில் நரம்புகள் மட்டும் வலை பின்னியது போல மஞ்சளாகும், நடுவில் பச்சைத் திட்டுகள் தீவு தீவாக நிற்கும், போகப்போக முழு இலையும் வெளுக்கும், காய் சிறுத்து, வெளிறி, நாராகிப்போகும். சந்தையில் வெண்டைக்காயைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவர்கள் முதலில் ஒதுக்குவது இந்தக் காயைத்தான்.

இவ்வளவையும் செய்வது ஒரே ஒரு புரதம். பீட்டாசாட்டிலைட்டின் முக்கியமான மரபணு ஒன்றுதான், அதில் இருந்து வரும் புரதத்துக்குப் பீட்டா சி1 என்று பெயர், சுமார் 118 அமினோ அமிலம் நீளம் (இன்னொரு சின்னப் புரதமும் சில சாட்டிலைட்டுகளில் இருப்பதாகச் சமீப ஆண்டுகளில் காட்டியிருக்கிறார்கள், ஆனால் பெரிய ஆள் இதுதான்). வைரஸே இல்லாமல் இந்த மரபணுவை மட்டும் புகையிலைச் செடிக்குள் வைத்தாலும் இலை கோணிக்கொண்டு, முறுக்கிக்கொண்டு வளர்கிறது. அதாவது அறிகுறிகளை எழுதுகிற பேனா இதன் கையில்தான் இருக்கிறது.

அது என்னவெல்லாம் செய்கிறது என்று பார்த்தால் ஒரு பட்டியலே போடலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தாவரத்துக்கு நம்மைப் போல எதிர்ப்பு அணுக்கள் கிடையாது. அதன் முக்கியமான ஆயுதம் ஆர்என்ஏ மௌனமாக்கல், அதாவது வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டுபிடித்து வெட்டிப்போடுவது, அதன் டிஎன்ஏ மேல் மீத்தைல் என்ற சின்ன வேதித்துண்டை ஒட்டி, முத்திரை குத்தி வாயை அடைப்பது. பீட்டா சி1 இந்த இரண்டையும் முடக்குகிறது. முத்திரை குத்தத் தேவையான மீத்தைல் வரத்துக்கு உதவும் ஒரு நொதியைப் பிடித்துக்கொள்கிறது, வெட்டும் வேலையை அடக்கும்படி செடியின் சொந்தப் புரதம் ஒன்றையே தூண்டிவிடுகிறது. கூடவே இலையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, இலை கோணிப்போவதற்கு அது ஒரு காரணம். செடியும் சும்மா இருப்பதில்லை, தன் நொதி ஒன்றால் பீட்டா சி1 மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதன் வீரியத்தைக் குறைக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நோய் லேசாக வருவதும் கடுமையாக வருவதும்.

இனி ஈ. கேள்வியின் இந்தப் பாதியைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெள்ளை ஈ என்பது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சி, உண்மையில் ஈ இனமே இல்லை, அசுவினிக்குச் சொந்தக்காரன். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து, ஊசி வாயை உள்ளே விட்டு, சர்க்கரைச் சாறு ஓடும் ஃபுளோயம் குழாய் வரை போய் உறிஞ்சும். பெகோமோவைரஸ்கள் பெரும்பாலும் அந்தக் குழாயை ஒட்டிய செல்களில்தான் இருக்கும், ஆகவே சாற்றோடு உள்ளே போகிறது. போனதும் முடிந்துவிடாது. குடல் சுவரைத் தாண்டி, பூச்சியின் ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, அடுத்த செடியில் உமிழ்நீரோடு இறங்க வேண்டும். இதற்கு ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். அப்புறம் அந்த ஈ பல நாள், சில சமயம் சாகும் வரை, போகிற செடிக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். இந்தப் பயணம் முழுக்க பூச்சியின் செல்கள் அடையாளம் காண்பது வைரஸின் உறைப் புரதத்தை மட்டுமே. குடல் கதவு திறப்பதும் சுரப்பிக் கதவு திறப்பதும் அந்த உறைக்குத்தான். உறைக்குள் இருப்பது வைரஸ் டிஎன்ஏவா சாட்டிலைட் டிஎன்ஏவா என்று ஈக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஆக, எந்தப் பூச்சி பரப்பும் என்பதில் சாட்டிலைட்டுக்கு எந்தச் சொல்லும் கிடையாது. வைரஸ் தயாரித்த உறைக்குள் புகுந்து ஓசிப் பயணம் போகிறது. ஆனால் ஓசி என்று சொல்லிவிட்டு விட்டால் நியாயமில்லை, ஏனென்றால் அது கூலியைச் செடிக்குள்ளேயே கொடுத்துவிடுகிறது, இரண்டு வழியில்.

ஒன்று, எதிர்ப்பு முடங்கிய செடியில் பல சமயம் வைரஸின் அளவே கூடுகிறது. குழாயில் வைரஸ் கூடினால் ஈ உறிஞ்சுகிற ஒவ்வொரு முறையும் கூடுதலாக உள்ளே போகும். இது எளிதாகப் புரியக்கூடியது.

இரண்டாவது வழிதான் என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே அழகான பகுதி. செடியை ஒரு பூச்சி கடித்தால் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற சமிக்ஞை கிளம்பும், அதைக் கேட்டு செடி பூச்சிக்குப் பிடிக்காத பொருள்களைத் தயாரிக்கும், டெர்பீன் என்ற வாசனைப் பொருள்கள் அவற்றில் ஒரு வகை. அந்தச் சமிக்ஞையை மரபணுக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எம்ஒய்சி2 என்ற புரதம். பீட்டா சி1 நேராகப் போய் அதைப் பிடித்துக்கொள்கிறது. டெர்பீன் குறைகிறது, செடி வெள்ளை ஈக்குச் சொகுசான இடமாகிவிடுகிறது. சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட வைரஸ்கள் தாக்கிய புகையிலையில் வளர்ந்த 'பி' வகை (வெளியில் இருந்து வந்து பரவிய வகை) வெள்ளை ஈக்கள், ஆரோக்கியமான புகையிலையில் வளர்ந்தவற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல் முட்டையிட்டன, ஆறேழு மடங்கு நாள் உயிரோடு இருந்தன. அதே இடத்தின் உள்ளூர் வெள்ளை ஈக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, அதற்கு நோய்ச் செடியும் நல்ல செடியும் ஒன்றுதான். பிறகு 2012-ஐ ஒட்டி வந்த ஆய்வுகளில், சாட்டிலைட் இல்லாமல் வைரஸை மட்டும் செலுத்தினால் அந்த லாபம் ஈக்கு இல்லை, பீட்டா சி1 இருந்தால்தான் உண்டு என்று தெளிவானது. புகையிலை இந்த ஈக்கு அவ்வளவு உகந்த செடி இல்லை என்பதால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும், அந்த எண்களை அப்படியே எல்லாப் பயிருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் போக்கு புரிகிறது இல்லையா? தன்னால் ஈயைத் தொடவே முடியாத ஒரு மூலக்கூறு, செடியின் வழியாக ஈயின் மக்கள்தொகையைக் கூட்டுகிறது. இன்னொரு ஆய்வில், அதே பீட்டா சி1 செடியின் வேறு எதிர்ப்பைத் தூண்டிவிட்டு, வைரஸைச் சுமக்காத காய்ப்புழு, அசுவினி போன்றவற்றை விரட்டவும் செய்கிறது என்று 2019-இல் காட்டினார்கள். போட்டிக்காரனையும் கிளப்பிவிடுகிறது என்றால் பாருங்கள்.

இதெல்லாம் ஆய்வகக் கதை, வயலில் என்ன ஆகும் என்று கேட்டால் பாகிஸ்தான் பருத்தியைத்தான் காட்ட வேண்டும். பருத்தி இலைச்சுருட்டை நோயை முல்தான் பக்கம் 1967-லேயே பார்த்திருக்கிறார்கள், ரொம்ப நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980-களின் கடைசியில், எளிதில் நோய் தாக்கக்கூடிய ஒரு ரகம் பஞ்சாப் முழுக்கப் பரவியதோடு நோயும் பற்றிக்கொண்டது. 1993-ஐ ஒட்டி எல்லை தாண்டி ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகருக்கும், பிறகு இந்தியப் பஞ்சாப், ஹரியானாவுக்கும் வந்தது. 1992 முதல் 1997 வரை பாகிஸ்தானுக்கு மட்டும் 500 கோடி டாலர் இழப்பு என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்த நோய் பிடித்த இலையைத் திருப்பிப் பார்த்தால் நரம்புகள் தடித்து கரும்பச்சையாகப் புடைத்து நிற்கும். முற்றிய நிலையில் நடு நரம்பின் மேல் இன்னொரு குட்டி இலை, கிண்ணம் போலக் குழிந்து, அடிப்பக்கமாகத் தொங்கும். இலைக்கு அடியில் இலை முளைக்கும் இந்த விநோதமும் பீட்டா சி1-இன் கைவண்ணம்தான்.

அங்கே வைரஸ்களை எண்ணிப் பார்த்தபோது ஒன்றல்ல, ஐந்தாறு வெவ்வேறு பெகோமோவைரஸ்கள் அந்த நோயோடு இருந்தன. ஆனால் சாட்டிலைட் ஒன்றே ஒன்றுதான், முல்தான் பெயரில் வழங்கும் பீட்டாசாட்டிலைட். சுமக்கிறவர்கள் மாறிக்கொண்டே இருக்க, நோயைக் கொடுப்பது மட்டும் மாறவில்லை. எதிர்ப்பு ரகங்களைத் தேடியபோது அவர்கள் கையில் எடுத்த பெற்றோரில் ஒன்று எல்ஆர்ஏ 5166, அது நம் கோயம்புத்தூரில் உருவான ரகம். அதையும் வேறு சிலவற்றையும் வைத்து உண்டாக்கிய ரகங்கள் 1990-களின் பிற்பாதியில் நன்றாகவே நின்றன. 2001-இல் பாகிஸ்தானின் வெஹாரி மாவட்டத்தில் புரேவாலா பக்கம், எதிர்ப்பு உள்ள ரகங்களிலேயே மறுபடி சுருட்டை வந்தது. எடுத்துப் பார்த்தால் வைரஸ் பழைய இரண்டு வைரஸ்களின் கலப்பு, அதில் ஒரு மரபணு அரைகுறையாக வெட்டுப்பட்டும் இருந்தது. சாட்டிலைட்டும் மாறியிருந்தது, அதன் ஒரு பகுதி தக்காளியில் இருக்கும் இன்னொரு சாட்டிலைட்டில் இருந்து வந்தது. ஒரே செடியில் இரண்டு சாட்டிலைட்டுகள் சந்தித்தால் துண்டு மாற்றிக்கொள்வது அவற்றுக்குச் சர்வ சாதாரணம், வெள்ளை ஈ பல பயிரிலும் களையிலும் மாறி மாறி உட்கார்வதால் அந்தச் சந்திப்புக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை ரகளையிலும் நம் கருங்கண்ணி சேர்ந்த நாட்டுப் பருத்தி இனத்துக்கு வயலில் இந்த நோய் வருவதில்லை, விழுந்ததெல்லாம் அமெரிக்க இனப் பருத்திதான்.

இப்படிக் கூட்டாளி மாற்றுவதில் பீட்டாசாட்டிலைட்டுக்குக் கூச்சமே கிடையாது. இரண்டு வட்டம் உள்ள தக்காளி வைரஸ் ஒன்றின் டிஎன்ஏ பி-யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாட்டிலைட்டைக் கொடுத்தால், செடிக்குள் நகர்ந்து பரவும் வேலையைச் சாட்டிலைட்டே பார்த்துக்கொள்கிறது. மரவள்ளியைத் தாக்கும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸின் டிஎன்ஏ ஏ-வோடு அஜெரேட்டம் சாட்டிலைட்டைச் சேர்த்து ஆய்வகத்தில் பார்த்தபோது, மரவள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத அந்தக் களையில் மஞ்சள் வந்தது. புதுச் செடிக்குள் நுழைய வைரஸுக்கு இது ஒரு குறுக்குவழி.

ஆல்ஃபாசாட்டிலைட் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அது சுமார் 1,400 எழுத்து, நகலெடுக்கும் புரதத்தைத் தானே வைத்திருக்கிறது, ஆனால் உறைக்கும் பயணத்துக்கும் வைரஸ் வேண்டும். பல நேரம் அது வைரஸுக்குப் பாரம்தான், நோயைக் குறைப்பதும் உண்டு. வாழையின் முடிக்கொத்து நோய் இதற்கு நல்ல உதாரணம், கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் மலைவாழையை ஒழித்துக்கட்டியது இதே நோய்தான். அது வெள்ளை ஈ இல்லை, வாழை அசுவினி பரப்புவது. காங்கோவில் கிடைத்த ஒரு ஆல்ஃபாசாட்டிலைட் கூட இருந்தால் வாழையிலும் அசுவினிக்குள்ளும் வைரஸின் அளவு குறைகிறது, பரவும் விகிதமும் இறங்குகிறது என்று 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆக சாட்டிலைட் என்றாலே நோய் கூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பீட்டா கூட்டும், ஆல்ஃபா பல நேரம் குறைக்கும், ஆஸ்திரேலியத் தக்காளியில் பார்த்த குட்டி வகை பெரும்பாலும் சும்மா கூட வரும்.

விவசாயிக்கு இதனால் என்ன என்று கேட்டால், நேரடியாகச் சாட்டிலைட்டைக் கொல்ல மருந்து எதுவும் கிடையாது, அப்படிச் சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் சில முடிவுகளை இது மாற்றும். தேமல் வந்த செடியை முதல் சில வாரங்களிலேயே பிடுங்கிவிடச் சொல்வது வெறும் வைரஸ் இருப்பைக் குறைக்க மட்டும் இல்லை, அந்தச் செடியே ஈக்கு வளர்ப்புத் தொட்டிலாகிவிடக் கூடும். வரப்பில் இருக்கும் மஞ்சள் நரம்புக் களைகளை, அதாவது அஜெரேட்டம், குறுந்தொட்டி வகையறாக்களை, விட்டுவைப்பது சாட்டிலைட் கிடங்கை விட்டுவைப்பதற்குச் சமம். மஞ்சள் ஒட்டுப்பொறி, சுற்றிலும் மக்காச்சோள வரிசை, வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லாம் ஈயின் எண்ணிக்கைக்காகத்தான், அவை நாற்றுப் பருவத்தில் செய்தால்தான் பிரயோசனம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈயைத் தின்னும் பூச்சிகள் செத்து ஈ கூடும், இது பருத்திக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

ரகம் வாங்கும்போது மட்டும் ஒன்றை மனதில் வையுங்கள். வெண்டையில் பூசா சவானி ஒரு காலத்தில் தேமலைத் தாங்கிய ரகம், இன்று தேமல் வந்தால் எப்படி இருக்கும் என்று காட்ட அதையே நட்டுக் காட்டுகிறார்கள். அர்கா அனாமிகாவும் காட்டு வெண்டையில் இருந்து எதிர்ப்பைப் பெற்று வந்து, பல இடங்களில் பிறகு தாக்குப்பிடிக்கவில்லை. பாக்கெட்டில் 'தேமல் எதிர்ப்பு' என்று அச்சடித்திருந்தாலும் உங்கள் ஊரில் போன பட்டத்தில் அந்த ரகம் எப்படி நின்றது என்று பக்கத்து வயல்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வைரஸும் சாட்டிலைட்டும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு ஜோடியாக இருக்கலாம், வேறு ஊரில் சோதித்த எதிர்ப்பு உங்கள் ஊர் ஜோடிக்கு எதிராக நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை.